ஓய்வு எனும் பழைய மருந்துச் சீட்டு

ஜெர்மன் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் 1890-ல் ஒன்றைக் கவனித்தார். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ளவர்கள் உடலை வருத்தினால் பார்வை மங்குகிறது. சற்று ஓய்ந்தால் தெளிகிறது. உழைப்புதான் காரணம் என்று அவர் நினைத்தார். பிறகுதான் தெரிந்தது, காரணம் உடற்சூடு என்று. உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே நரம்பின் மயலின் உறையை அரிப்பது இந்த நோய். உறை போன நரம்பில், சூடு கொஞ்சம் ஏறினாலே சமிக்ஞை தடைபடும். சூடு இறங்கியதும் பழையபடி ஓடும். புதிதாக எந்த நரம்பும் கெடுவதில்லை. ஆனாலும் 'அலட்டிக்கொள்ளாதீர்கள்' என்ற அறிவுரை நூறாண்டு ஓடியது. அக்கறையில் சொன்னதுதான். தீங்கு செய்தது அந்த அக்கறையே.

கால் தளர்வதற்கு நரம்பு மட்டும் காரணமல்ல. விழுந்துவிடுவோமோ என்று நடமாட்டத்தைக் குறைக்க, பயன்படாத தசை மெலிகிறது. முதல் இழப்பை உடற்பயிற்சி சரிசெய்யாது, இரண்டாவதைச் சரிசெய்யும். டென்மார்க்கின் ஆர்ஹஸில் உல்ரிக் டால்காஸ் குழுவினர் நோயாளிகளுக்கு 12 வாரம், வாரம் இரண்டு முறை, படிப்படியாக எடை கூட்டிப் பயிற்சி கொடுத்தார்கள். தொடை வலு ஏறியது. நாற்காலியிலிருந்து எழுவதும் படியேறுவதும் மேம்பட்டன. 2009-ல் வெளியான முடிவு இது.

'ஏற்கெனவே அசதி, இதில் எடை வேறா?' என்ற கேள்வி நியாயமானது. அதே குழு மறு ஆண்டு சொன்ன பதில்: பயிற்சி செய்தவர்களுக்கு அசதி குறைந்திருந்தது. வலுவான தசைக்கு அதே படிக்கட்டு சிறிய வேலைதானே! சூட்டைப் பற்றிய பயத்துக்கும் எடைப்பயிற்சியே நல்ல விடை. எட்டுப் பத்து முறை தூக்கி, இரண்டு மூன்று நிமிடம் உட்காரலாம். ஓடுவதைப் போல உடல் கொதிக்காது. மின்விசிறியும் குளிர்ந்த தண்ணீரும் பக்கத்தில் இருக்கட்டும். நோய் திரும்பத் தாக்கும் என்ற அச்சத்துக்கும் இதுவரையிலான ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: இவற்றில் பெரும்பாலானவை நடமாட முடிந்தவர்களிடம் செய்தவை. சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு அதே உறுதியோடு சொல்ல முடியாது.

கனடாவின் வழிகாட்டுதல், லேசான, நடுத்தர பாதிப்புள்ளவர்களுக்கு வாரம் இருமுறை வலுப் பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. நோய் புதிதாகத் தாக்கியிருக்கும் நாட்களில் பயிற்சியை நிறுத்திவைத்து, நரம்பியல் மருத்துவரைக் கேளுங்கள். மற்ற நாட்களில், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது என்று பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில் எண்ணிப் பார்த்து, அங்கிருந்து தொடங்குங்கள்.