அசதிக்கு மதிப்பெண் இல்லாத காலம்

அமெரிக்க எழுத்தாளர் ஃபிளானரி ஓகானர் 1950ஆம் ஆண்டின் கடைசியில் படுக்கையில் விழுந்தார். வயது 25. உடலின் நோய் எதிர்ப்பாற்றலே உடலைத் தாக்கும் லூபஸ் நோய் என்று கண்டுபிடித்த மருத்துவர் அதை அம்மாவிடம் மட்டும் சொன்னார். மகளுக்குச் சொல்லப்பட்டது மூட்டுவாதம் என்று. அதே லூபஸில்தான் அப்பா 1941இல் போய்ச் சேர்ந்திருந்தார். பெண் பயந்துவிடுவாள் என்று அம்மாவுக்குக் கவலை. 1952இல் ஒரு தோழி விஷயத்தைப் போட்டு உடைத்த பிறகுதான் தனக்கு வந்திருப்பது இன்னதென்று அவருக்குத் தெரிந்தது. அதற்கு முன்பே, பன்றியின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுத்த ஏசிடிஹெச் ஊசி மருந்து அவர் உடம்பில் ஏறத் தொடங்கியாகிவிட்டது.

அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1955இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் போட்ட கணக்கில், நோய் உறுதியாகி நான்கு ஆண்டுகளுக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் பாதிப் பேர்தான். அந்தக் காலத்து ஆராய்ச்சிக்கு நோயாளியிடமிருந்து வேண்டியதெல்லாம் ரத்தமும் சிறுநீரும் எலும்பு மஜ்ஜையும். அவர் என்ன நினைக்கிறார் என்பது யாருடைய குறிப்பேட்டிலும் ஏறவில்லை.

இன்று வசதியான நாடுகளில் ஐந்தாண்டைத் தாண்டுபவர்கள் 90 சதவீதத்துக்கும் மேல். ஆயுள் நீண்டாலும் ஆராய்ச்சியின் கேள்விகள் அவ்வளவு சீக்கிரம் மாறிவிடவில்லை. நோயின் தீவிரத்தை அளக்க 1980களில் டொரன்டோவில் உருவான ஸ்லெடாய் அளவுகோலில் 24 அம்சங்கள் உண்டு. வலிப்பு, மூட்டு வீக்கம், முடி உதிர்வு, காய்ச்சல் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. அசதிக்கு மட்டும் இல்லை. ‘உங்களை எது அதிகம் வாட்டுகிறது?’ என்று லூபஸ் உள்ளவர்களிடம் கேட்டால், பலர் முதலில் சொல்வது அதைத்தான்.

அசதியை ஆராய்ச்சி மேசைக்குக் கொண்டுவந்தவர்கள் நோயாளிகள். 2002இல் ஆஸ்திரேலியாவில் கூடிய, மூட்டுநோய் ஆய்வுகளில் எதை அளப்பது என்று பேசும் ஓமெராக்ட் மாநாட்டில் மூட்டுவாத நோயாளிகள் முதன்முறையாக ஆய்வாளர்களோடு அமர்ந்து, அசதியை ஏன் அளப்பதில்லை என்று கேட்டார்கள். 2007இல் இங்கிலாந்தின் பிளாக்பர்ன் நகர ஆய்வுக் குழு லூபஸ் நோயாளிகளின் வாய்மொழியிலிருந்தே 34 கேள்விகள் கொண்ட லூபஸ்க்யூஓஎல் படிவத்தை உருவாக்கி வெளியிட்டது. அசதியோடு, மற்றவர்களுக்குப் பாரமாகிவிட்டோமோ என்ற எண்ணத்துக்கும் அதில் இடம் உண்டு. நாளைய கல்யாணத்துக்கு ‘வருகிறேன்’ என்று இன்று வாக்குக் கொடுக்க முடியாத தவிப்புக்கும் உண்டு. இதெல்லாம் எந்த ரத்தப் பரிசோதனையில் தெரியும்?

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மெலனி ஸ்லோன் நடத்தும் ஆய்வுகள் இன்னும் ஒரு படி மேலே போனவை. லூபஸ் உள்ளவர்களே குழு உறுப்பினர்களாக இருந்து கேள்விகளை வடிவமைக்கிறார்கள். 2024இல் வெளியான ஆய்வில் 676 நோயாளிகளிடமும் 400 மருத்துவர்களிடமும் கேட்டார்கள். நோய் தீவிரமாவதற்கு முன்பே சிலருக்குக் கொடுங்கனவுகள் தொடங்கிவிடுகின்றன: யாரோ தாக்குவது, எங்கோ அடைபட்டுக் கிடப்பது, உயரத்திலிருந்து விழுவது. நோயாளிக்கு இது முன்னெச்சரிக்கை. ஆனால் மருத்துவர் கனவைப் பற்றிக் கேட்பதில்லை. பைத்தியம் என்று நினைத்துவிடுவாரோ என்று நோயாளியும் சொல்வதில்லை. இருவரையும் பேச வைத்ததே இந்த ஆய்வின் பெரிய சாதனை என்பேன்.

அதற்காக எல்லாம் மாறிவிட்டது என்று கொண்டாடிவிட முடியாது. நரம்பு, மனநலம் தொடர்பான லூபஸ் அறிகுறிகளைக் கண்டறிவதில் எந்தச் சான்றுக்கு முதலிடம் என்று அதே குழு 2023இல் மருத்துவர்களைக் கேட்டது. நோயாளியின் சொந்த மதிப்பீட்டை முதல் மூன்றுக்குள் வைத்தவர்கள் 4 சதவீதத்துக்கும் குறைவு. ஆராய்ச்சிக்குள் அழைக்கப்படுபவர்கள் யார் என்பதும் இன்னும் பழைய கதைதான். அமெரிக்காவில் லூபஸ் உள்ளவர்களில் சுமார் 43 சதவீதம் கறுப்பினத்தவர்கள் என்று 2018இல் வெளியான ஓர் அலசல் மதிப்பிட்டது. மருந்துச் சோதனைகளில் அவர்கள் பங்கு 14 சதவீதம்.