ஒருவர் தலை, இன்னொருவர் உடல்

புதுச்சேரியில் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் போனாலும் சரி, இந்திரா காந்தி சிலைச் சதுக்கத்தில் நின்றாலும் சரி, முகூர்த்த நாள் என்றால் பேனர் கண்ணில் படாமல் போகாது. மணமக்கள் பனிமலை முன்னே நிற்பார்கள். மேலே மேகத்துக்குள்ளிருந்து காலமான தாத்தா ஆசி வழங்குவார். அடியில் தபால்தலை அளவு முகங்களாக நண்பர்கள் வரிசை கட்டியிருப்பார்கள். இவர்களில் யாரும் அந்த மலைக்குப் போனதில்லை. பார்க்கிறவர்களுக்கும் அது தெரியும். யாரும் ஏமாறாத இந்த ஒட்டுவேலையை மோசடி என்று சொல்ல முடியாது. கலை என்று சொல்லத்தான் நமக்குத் தயக்கம்.

வேலை 'கட்டிங்'கில் தொடங்குகிறது. ஆளை அவருடைய பின்னணியிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். தலைமுடியின் ஓரம்தான் கைக்குச் சோதனை. ஃபோட்டோஷாப்பில் ஒவ்வொரு ஆளும் ஒரு தனி லேயர். வேண்டாத பகுதியை அழிப்பதில்லை, மாஸ்க் போட்டு மறைப்பார்கள். மனம் மாறினால் திரும்பக் கொண்டுவரலாம். அடுத்தது வெளிச்சம். தாத்தாவின் ஸ்டூடியோ படத்தில் விளக்கு இடப்பக்கம் இருந்திருக்கும். பேரனின் செல்போன் படத்தில் உச்சிவெயில். இரண்டையும் ஒரே நிறத்துக்கும் ஒரே நிழலுக்கும் கொண்டுவராவிட்டால் கழுத்து காட்டிக்கொடுத்துவிடும். நம் ஊர்ப் பேனர்களில் பாதிக்கு மேல் கழுத்தில்தான் தோற்கின்றன என்பது என் கணக்கு. அரசியல் பேனர் என்றால் இன்னொரு கணக்கும் உண்டு. தலைவர் முகம் எவ்வளவு பெரிது, வட்டச் செயலாளர் யாருக்குப் பக்கத்தில், செலவு செய்தவர் எந்த மூலையில் என்பதில் பிசகினால் டிசைனருக்கு நிம்மதி இல்லை. அரசனைப் பெரிதாகவும் ஏவலரைச் சிறிதாகவும் தீட்டிய பழைய சுவரோவியங்களின் அதே விதி.

கம்ப்யூட்டர் வந்துதான் படம் 'கெட்டது' என்பவர்கள் 1857-ஐப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு புகைப்படக் கலைஞர் ஆஸ்கர் ரெய்லாண்டர் இங்கிலாந்தில் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படம் செய்தார். மறு ஆண்டு ஹென்றி பீச் ராபின்சன் ஐந்து நெகட்டிவ்களைக் கொண்டு, மரணப் படுக்கையில் கிடக்கும் ஒரு பெண்ணின் படத்தை உருவாக்கினார். அந்தப் பெண் நடித்தவர் என்று தெரிந்தும் பலருக்குக் கோபம்.

நம் ஸ்டூடியோக்காரர்களும் சளைத்தவர்கள் அல்ல. நெகட்டிவில் பென்சிலால் 'டச்சிங்' செய்து அம்மைத் தழும்பை நீக்கினார்கள். கருப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வண்ணம் தீட்டினார்கள். ஒரே ஆளை ஒரே படத்தில் இரண்டு இடங்களில் நிற்கவைத்தார்கள். தனியாகப் படமெடுத்துக்கொண்ட மனைவியின் பக்கத்தில் இறந்துபோன கணவரைச் சேர்த்தார்கள். மேகத்துக்குள் தெரியும் தாத்தா அந்த வழியில் வந்தவர்தான். 1955-இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியுடன் பழைய தமிழ் ஸ்டூடியோ படங்களைத் திரட்டி டிஜிட்டலாக்கியிருக்கிறது.

ஃபோட்டோஷாப்பின் முதல் பதிப்பு 1990-இல் வெளியானது. ஓவியர் விவான் சுந்தரம் 2001-இல் தன் குடும்ப ஆல்பத்தைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோனார். தாத்தா உம்ராவ் சிங் ஷேர்கில் எடுத்த படங்களைக் கலந்து, 1941-இல் இறந்துபோன பெரியம்மா அம்ரிதா ஷேர்கில்லை வெவ்வேறு காலத்து உறவினர்களோடு ஒரே அறைக்குள் நிறுத்தினார். ஜெர்மனியின் புகைப்படக் கலைஞர் ஆந்திரியாஸ் குர்ஸ்கி 1999-இல் ரைன் நதிக் காட்சியிலிருந்து கட்டடங்களை நீக்கிச் செய்த படம், 2011-இல் 43 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. சுந்தரம் செய்ததற்கும் நம் டிசைனர் தாத்தாவை அழைத்து வருவதற்கும் நுட்பத்தில் தூரம் உண்டு, உண்மைதான். நோக்கத்தில் அவ்வளவு தூரமில்லை.

கலைக்கும் மோசடிக்கும் நடுவே எல்லையை வேறோரிடத்தில் போட வேண்டும். 1982 பிப்ரவரியில் 'நேஷனல் ஜியாகிரஃபிக்' இதழ், அட்டைக்குள் அடங்கவேண்டும் என்பதற்காக எகிப்தின் பிரமிடுகளைக் கம்ப்யூட்டரில் நெருக்கமாக்கியது. பனிமலை மணமக்களோடு ஒப்பிட்டால் அற்ப மாற்றம், ஆனாலும் தவறு. அந்த அட்டை 'நான் பார்த்தது இது' என்று வாசகருக்குச் சாட்சி சொன்னது. பேனர் அப்படி எதுவும் சொல்வதில்லை. இப்போது செயற்கை நுண்ணறிவு கழுத்தையும் நிழலையும் பிசிறில்லாமல் பொருத்திவிடுகிறது. ஒட்டு தெரிவதே இதுவரை ஒரு நேர்மையாக இருந்தது. அது போய்விட்டால், இது செய்த படம் என்று எழுதித்தான் சொல்லவேண்டிவரும்.

சாலை மறைக்கும் பேனர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து விழுந்ததில் ஸ்கூட்டரில் சென்ற இளம் பொறியாளர் உயிரிழந்தார். பொது இடங்களை அலங்கோலமாக்குவதைத் தடுக்கப் புதுச்சேரியிலும் சட்டம் இருக்கிறது. அதை அமல்படுத்தத்தான் வேண்டும். ஆனால் இந்தப் படம் பிறப்பது பிளெக்ஸில் அல்ல, லேயர் லேயராகப் பிரிந்து கிடக்கும் ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பில். யாரை யாருக்கு மேலே வைத்தார்கள், எந்தத் தாத்தாவை எந்தப் படத்திலிருந்து எடுத்தார்கள் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. ஹார்டு டிஸ்க்கில் இடம் போதாதபோது முதலில் அழிவதும் அதுவே. ஸ்டூடியோ நெகட்டிவ்களைத் தேடிப் போனவர்கள் அடுத்ததாக பிளெக்ஸ் கடைகளின் படியேறலாம்.