பொருள் ஒன்று, ஏற்பி பல: செரோடோனினும் மனநிலையும்

செரோடோனினை ‘மகிழ்ச்சி ஹார்மோன்’ என அழைக்கும் வழக்கம் இன்று பரவலாக உள்ளது. அப்பெயர் மாணவரைத் தவறான முடிவுக்கு இட்டுச் செல்வதை இப்பொழிவில் நாம் விளக்க முற்படுகிறோம்.

1948ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மாரிஸ் ராப்போர்ட், ஆர்டா கிரீன், இர்வின் பேஜ் ஆகிய மூவர் குருதிநீரிலிருந்து இப்பொருளைப் பிரித்தெடுத்தனர். குருதிக்குழாயைச் சுருக்கும் இயல்பு நோக்கியே, ‘சீரம்’, ‘டோன்’ என்னும் சொற்களைக் கொண்டு அதற்குப் பெயரிட்டனர். அப்பெயரில் மகிழ்ச்சிக்கு இடமில்லை. உடலிலுள்ள செரோடோனினில் ஏறத்தாழ 90 விழுக்காடு குடலில் உள்ளது. மூளைக்குரியதைப் பெரும்பாலும் மூளைத்தண்டின் ராஃபே பகுதி நரம்பணுக்களே ஆக்குகின்றன.

‘மா’ என்னும் சொல் மரத்தையும் குறிக்கும்; விலங்கையும் குறிக்கும். இடம் நோக்கியே நாம் பொருள் கொள்கிறோம். செரோடோனினின் செயலும் அது சென்று பொருந்தும் இடத்தைப் பொறுத்தது. அவ்விடங்களாகிய புரதங்களை ஏற்பிகள் என்கிறோம். அவை ஏழு குடும்பங்களைச் சார்ந்தவை. குறைந்தது 14 வகையின. 1ஏ ஏற்பியில் பொருந்தினால் நரம்பணுவின் கிளர்ச்சி தணிகிறது. அவ்வேற்பி இல்லாதவாறு உருவாக்கப்பட்ட சுண்டெலிகள் மிகுந்த அச்சம் காட்டின. 2சி ஏற்பியில் பொருந்தினாலோ கிளர்ச்சி மிகுகிறது, பதற்றமும் கூடக்கூடும். 3ஆம் வகை ஏற்பி குமட்டலோடு தொடர்புடையது.

மனச்சோர்வுக்கும் பதற்றத்திற்கும் வழங்கப்படும் ஃபுளுவாக்செட்டின் போன்ற மருந்துகள், வெளிப்பட்ட செரோடோனினை நரம்பணு மீண்டும் உள்ளிழுக்காமல் தடுக்கின்றன. இத்தடை சில மணி நேரத்திலேயே நிகழ்கிறது; நலம் தோன்றவோ சில வாரங்கள் ஆகின்றன. ராஃபே நரம்பணுக்களின் மீதே 1ஏ ஏற்பிகள் அமைந்திருப்பது இதற்கு ஒரு முதன்மையான காரணமாகக் கூறப்படுகிறது. செரோடோனின் மிகும்போது அவ்வேற்பிகள் அந்நரம்பணுக்களை அடக்குகின்றன. நாளடைவில் அவற்றின் உணர்திறன் குறைந்த பின்னரே அவ்வடக்கம் தளர்கிறது. இடைப்பட்ட நாள்களில் சிலருக்குக் குமட்டலும் கூடுதல் பதற்றமும் ஏற்படுவதுண்டு.

‘செரோடோனின் குறைந்தால் சோர்வு, கூடினால் மகிழ்ச்சி’ என்று கற்ற மாணவர், இரண்டாம் வாரத்தில் பதற்றம் கூடக் கண்டால் மருந்து பயனற்றதெனக் கருதித் தாமே நிறுத்திவிடக்கூடும். அவ்வாறு திடீரென நிறுத்துவது தீங்கு தரும். மருத்துவரிடம் கூறுவதே முறை. செரோடோனின் குறைவு ஒன்றே மனச்சோர்வுக்குக் காரணம் என்பதும் சான்றுகளால் உறுதிப்படவில்லை.

எனவே, வகுப்பறையில் ‘மகிழ்ச்சி ஹார்மோன்’ என்பதை விடுத்து, மூளையில் செயற்படும் செரோடோனினை ‘நரம்புக்கடத்தி’ என்றே வழங்குவோம். அதனோடு ‘ஏற்பி’ என்னும் சொல்லையும் சேர்த்தே கற்பிப்போம்.