குழந்தைக்கு வெயிலும் மண்ணும் வேண்டும்

மழையில் நனைந்தால் சளி, வெயிலில் போனால் கறுத்துப்போவாய், மண்ணைத் தொட்டால் கிருமி. இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு பயம் காட்டிப் பிள்ளைகளை வீட்டுக்குள் இருத்திவிடுகிறோம். பள்ளி, வேன், டியூஷன், செல்போன் என்று அவர்கள் பொழுது முழுக்கக் கூரைக்கு அடியிலேயே கழிகிறது. “ஹோம்வொர்க்கை முடித்தால் விளையாடப் போகலாம்” என்று வெளியே போவதைப் பரிசாக வைத்திருக்கிறோம். ஆனால், கடந்த இருபது ஆண்டுகளில் வந்த ஆய்வுகளைப் பார்த்தால், அதைச் சாப்பாடு, தூக்கம் ஆகியவற்றின் வரிசையில்தான் வைக்கத் தோன்றுகிறது.

கண்ணுக்கு வெளிச்சம்

வகுப்பறை வெளிச்சம் பெரும்பாலும் சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தான். வெளியே மர நிழலில் நின்றாலும் அதைப்போலப் பல மடங்கு வெளிச்சம் கண்ணில் படும். பிரகாசமான ஒளி பட்டால் விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் கூடுதலாகச் சுரக்கிறது; விழிக்கோளம் தேவைக்கு மேல் நீளாமல் அது பார்த்துக்கொள்கிறது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். கோளம் நீண்டுபோவதால் வருவதுதான் கிட்டப்பார்வை.

சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளில் இதைச் சோதித்தார்கள். பாதிப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் வகுப்பு. மூன்றாண்டு கழித்துப் பார்த்தபோது அவர்களில் 30.4 சதவீதம் பேருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது. மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதம். முடிவுகள் 2015-இல் வெளியாயின. தைவான் 2010 முதலே பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் 120 நிமிடம் வெளியில் இருக்கச் சொல்லி ஊக்குவிக்கிறது. ஒன்றை மறக்க வேண்டாம்: ஏற்கெனவே வந்துவிட்ட கிட்டப்பார்வையை வெளிச்சம் போக்காது. கண்ணாடி போட்டுத்தான் ஆக வேண்டும்.

மண் பட்டால் என்ன ஆகும்?

பின்லாந்தில் சில மழலையர் காப்பகங்களின் முற்றம் வெறும் சரளைக்கல்லாக இருந்தது. ஆய்வாளர்கள் அங்கே காட்டுத் தரையைப் பாசியோடும் குறுஞ்செடிகளோடும் அப்படியே பெயர்த்து வந்து பரப்பினார்கள். புல்தரை போட்டார்கள், செடி வைக்கத் தொட்டிகள் கொடுத்தார்கள். மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் 28 நாள் அதில் தோண்டினார்கள், ஏறினார்கள், செடி நட்டார்கள்.

மாற்றம் தோலிலும் இரத்தத்திலும் தெரிந்தது. தோலில் வாழும் நுண்ணுயிர்களின் வகைகள் பெருகின. நோயெதிர்ப்பு மண்டலம் தேவையில்லாமல் சீறாமல் அடக்கிவைக்கும் கூறுகள் இரத்தத்தில் கூடியிருந்தன. 2020-இல் வெளிவந்த இந்த ஆய்வில் இருந்தவர்கள் 75 பிள்ளைகளே. இதை வைத்து ஒவ்வாமையோ ஆஸ்துமாவோ வராது என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் பலவகை நுண்ணுயிர்களோடு பழகித்தான் நோயெதிர்ப்பாற்றல் பக்குவப்படுகிறது என்ற கருத்துக்கு இது வலுச் சேர்க்கிறது.

மனதும் கவனமும்

டென்மார்க்கில் 1985 முதல் 2003 வரை பிறந்த ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவேடுகளைச் செயற்கைக்கோள் படங்களோடு ஒப்பிட்டார்கள். பசுமை மிகக் குறைந்த சூழலில் வளர்ந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மனநலக் கோளாறு வரும் வாய்ப்பு 55 சதவீதம் வரை கூடுதலாக இருந்தது. குடும்ப வருமானம், பெற்றோரின் மனநல வரலாறு போன்றவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும் தொடர்பு மறையவில்லை. பசுமை மட்டுமே காரணம் என்று இது நிரூபிக்கவில்லை, அலட்சியப்படுத்தவும் முடியாது.

அமெரிக்காவில் கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் உள்ள 17 பிள்ளைகளை 20 நிமிடம் நடக்க வைத்தார்கள். கடைத்தெருவிலும் குடியிருப்புத் தெருவிலும் நடந்தபோது இருந்ததைவிட, பூங்காவில் நடந்து வந்தபோது கவனம் மேம்பட்டிருந்தது. சிறிய ஆய்வுதான். மருந்தையோ பயிற்சியையோ இதை நம்பி நிறுத்தக் கூடாது. கூடவே ஒரு நடையைச் சேர்த்துக்கொள்ளலாம்.

அக்கறை எங்கே முளைக்கிறது?

2006-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்க நகரங்களில் 2,000 பெரியவர்களிடம் அவர்களுடைய குழந்தைப் பருவத்தைப் பற்றிக் கேட்டார்கள். பதினொரு வயதுக்குள் காட்டில் சுற்றியவர்கள், மீன் பிடித்தவர்கள், கூடாரம் போட்டுத் தங்கியவர்கள் வளர்ந்த பிறகும் சுற்றுச்சூழலில் அக்கறை காட்டினார்கள். பூப்பறித்ததும் செடி வைத்ததும்கூட ஓரளவு உதவியிருந்தன. சுற்றுச்சூழல் வகுப்புகள் அப்படித் தடம் பதிக்கவில்லை.

சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. கண்மாயில் கூடு கட்டியிருக்கும் பறவைகள் மிரளும் என்று பல பத்தாண்டுகளாகக் கட்டுப்பாடு காக்கிறார்கள். அங்கே வளரும் பிள்ளைக்குப் பறவை என்பது தன் ஊர்க் கண்மாய்க்கு வந்து போகும் உயிர். அதற்காகப் பட்டாசை விட்டுக்கொடுக்க மேடைப்பேச்சு தேவைப்படாது.

வீட்டுப் பக்கத்திலேயே தொடங்கலாம்

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போய்த்தான் ஆக வேண்டும் என்பதில்லை. ஆண்டுக்கொரு சுற்றுலாவைவிட அன்றாட அரைமணி நேரம் மேல்.

மாடியில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி வையுங்கள். எலுமிச்சைப் பட்டாம்பூச்சி அதில் முட்டையிடலாம். வெளிவரும் புழு முதலில் காக்கை எச்சம் போலவே இலையில் ஒட்டியிருக்கும், வளர்ந்ததும் பச்சையாகிவிடும். லேசாகச் சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறக் கொம்பு ஒன்றை நீட்டி நாற்றம் வீசும். மருந்தடிக்காமல் விட்டால், புழு கூட்டுப்புழுவாகி இறக்கை விரிப்பது வரை பிள்ளையே பார்க்கும். நான்கு இலை போனால் போகட்டும்.

பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்கும் அழைத்துப் போகலாம்.

எதில் கவனம் தேவை?

- உச்சி வெயிலைத் தவிர்த்துக் காலையிலோ மாலையிலோ விளையாடவிடுங்கள். தொப்பியும் தண்ணீரும் கூடவே இருக்கட்டும்.
- மண்ணில் செருப்போடு விளையாடட்டும். வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் தரும் குடற்புழு நீக்க மாத்திரையைத் தவறவிடாதீர்கள்.
- புதர்ப் பக்கம் போய் வந்தால் குளித்து உடை மாற்றுவது நல்லது. பிறகு காய்ச்சல் வந்து, உடலில் கறுத்த பொருக்குப் புண் தெரிந்தால் அது ஸ்க்ரப் டைபஸ் என்னும் தொற்றுநோயாக இருக்கலாம். உடனே மருத்துவரைப் பாருங்கள்.
- நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ 15 நிமிடம் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவிவிட்டு, தாமதிக்காமல் தடுப்பூசிக்குப் போக வேண்டும்.

பள்ளியிடம் கேளுங்கள்

பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்வது நம் பள்ளிகளில் சாதாரணம். குவாங்சோ பிள்ளைகளின் கண்ணைக் காத்தது ஏறக்குறைய அந்த ஒரு பீரியடு நேரம்தான். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்கும்போது, “வாரத்தில் எத்தனை நாள் என் பிள்ளை வெயிலில் இருந்தான்?” என்ற கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்.