பழைய டெஸ்க்டாப் வாங்கப் போறீங்களா? முதல்ல இந்த நம்பரைப் பாருங்க!

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப் தேடுபவர்கள் அடிக்கடி கேட்கும் வசனம், 'ஐ5 சிஸ்டம் சார்!' ஆனால், எந்தத் தலைமுறை ஐ5? அதுதான் கேள்வி.

எப்படிக் கண்டுபிடிப்பது?

பயாஸ் திரையில் பிராசஸர் எண் இருக்கும். ஐ5-4570 என்றால் 4-வது தலைமுறை, ஐ5-8500 என்றால் 8-வது. டெல் கம்ப்யூட்டர் என்றால், பெட்டியில் ஒட்டியிருக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த 7 குறியீடுகள் கொண்ட சர்வீஸ் டேகை டெல் இணையதளத்தில் போட்டால் மாடல் விவரம் வந்துவிடும்.

ஏன் முக்கியம்?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு, இன்டெல்லில் பெரும்பாலும் 8-வது தலைமுறையாவது வேண்டும். பாதுகாப்பு அப்டேட் வராத சிஸ்டத்தில் நெட் பேங்கிங் செய்வது ரிஸ்க்.

அப்போ பழசு வேஸ்ட்டா?

இல்லவே இல்லை. இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட், 4 ஜிபி ரேமிலேயே ஓடும்.

உயிர் கொடுப்பது எப்படி?

* தேதி, நேரம் தப்பாகவே காட்டுதா? மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரியை மாத்துங்க.
* ஃபேன் சுத்துது, திரை இருட்டா? பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ரேமைக் கழற்றி மறுபடி அழுத்தி மாட்டுங்க.
* ரொம்ப ஸ்லோவா? ஹார்ட் டிஸ்குக்குப் பதில் சாட்டா எஸ்எஸ்டி போடுங்க. வித்தியாசம் உடனே தெரியும்.
* பவர் சப்ளை பெட்டியை மட்டும் திறக்காதீங்க. பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே ஷாக் அடிக்கலாம்.

கடைசியாக ஒன்று: பழைய ஹார்ட் டிஸ்கில் முந்தைய ஓனரின் ஃபைல்கள் இருக்கலாம். முழுசா அழிச்சிட்டு ஆரம்பிங்க. உங்களுடையதை விற்கும்போதும் இதே ரூல்தான்!