நீலப் பூ சொல்லும் மண் ரகசியம்

கேமரன் மலைக்குச் சுற்றுலா போய் வந்தவர்களின் கைப்பேசியில் ஒரு படம் கட்டாயம் இருக்கும். பின்னால் தேயிலைச் சரிவு, முன்னால் பந்து பந்தாக நீலப் பூக்கள். அதுதான் ஹைட்ரேஞ்சியா. சொந்த ஊர் ஜப்பான். அங்கே அதற்கு அஜிசாய் என்று பெயர். நீங்கள் இதழ் என்று நினைத்துப் படம் எடுத்தவை பெரும்பாலும் புல்லி இதழ்கள். உண்மையான இதழ்கள் மிகச் சிறியவை, தேடினால்தான் தெரியும்.

இதே செடியை வேறொரு மண்ணில் நட்டால் இளஞ்சிவப்பாகப் பூக்கும். இங்கேதான் ஒரு புதிர், மாணவர்களே. தமிழ்ப்பள்ளியில் பூஞ்சுத் தாளை வைத்துச் சோதனை செய்தது நினைவிருக்கிறதா? அமிலம் பட்டால் நீலத் தாள் சிவப்பாகும். நாசி கெராபுக்கு நிறம் தரும் சங்குப்பூ நீரில் எலுமிச்சை பிழிந்தாலும் நீலம் ஊதாவாக மாறும். ஹைட்ரேஞ்சியாவோ தலைகீழ்! அமில மண்ணில் நீலம், அமிலம் குறைந்த மண்ணில் இளஞ்சிவப்பு.

காரணம், மண்ணின் அமிலம் நேரடியாகப் பூவைத் தொடுவதில்லை. நடுவில் ஒரு தூதர் இருக்கிறார்: அலுமினியம். பூமியின் மேலோட்டில் மிக அதிகமாக உள்ள உலோகம் இதுதான். சாதாரண மண்ணில் கரையாமல் முடங்கிக் கிடக்கும். மண்ணின் பிஎச் மதிப்பு ஏறக்குறைய 5.5-க்குக் கீழே இறங்கினால், அயனியாகக் கரைந்து வேருக்குள் நுழைகிறது. புல்லி இதழுக்குப் போய், அங்குள்ள டெல்ஃபினிடின் என்ற நிறமியோடு பிணைகிறது. அப்போதுதான் நீலம் பிறக்கிறது. பிஎச் 6.5-ஐத் தாண்டினால் அலுமினியம் மீண்டும் பூட்டிக்கொள்ளும். பூ இளஞ்சிவப்பாகவே நின்றுவிடும்.

கேமரன் மலையில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அந்த மழை மண்ணிலுள்ள கால்சியம், மக்னீசியத்தையெல்லாம் அரித்துக்கொண்டு போக, எஞ்சுவது அமில மண். தேயிலைக்கு அது கொண்டாட்டம். அது விரும்பும் பிஎச் 4.5 முதல் 5.5 வரை. 1929-இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது இத்தகைய மண்ணில்தான். தேயிலையும் அலுமினியத்தை உறிஞ்சி, முதிர்ந்த இலைகளில் சேர்த்து வைக்கும் செடி. கொழுந்தில் அது மிகக் குறைவு. பயம் வேண்டாம், டீ குடிக்கலாம்.

ஆனால் எல்லாப் பயிருக்கும் இந்தத் தாங்கும் சக்தி இல்லை. கரைந்த அலுமினியம் பட்டால் பல பயிர்களின் வேர் நுனி வளராமல் நின்றுவிடும். அதனால்தான் அமில மண்ணில் காய்கறி பயிரிடுவோர் சுண்ணாம்பு போடுகிறார்கள். அந்தப் பாத்தி ஓரத்திலோ, சிமெண்டுச் சுவரை ஒட்டியோ நிற்கும் ஹைட்ரேஞ்சியா ஊதாவாகவும் இளஞ்சிவப்பாகவும் மாறலாம். அடுத்த முறை போகும்போது கவனியுங்கள்.

சரி, ஒரு தொட்டி வாங்கிக் கிள்ளானுக்கோ ஈப்போவுக்கோ கொண்டுவந்தால்? இலை தழைக்கலாம், மறுபடி பூப்பது கடினம். மொட்டு உருவாக இந்தச் செடிக்குச் சில வாரங்கள் குளிர்ச்சி, ஏறக்குறைய 18 டிகிரி செல்சியசுக்குக் கீழே, தேவை. ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். ஊட்டியிலும் நுவரெலியாவிலும் இந்தப் பூ செழிப்பதும் இதே காரணத்தால்தான்.

நிறத்தை மாற்றிப் பார்க்க ஆசையா? சிலர் வினிகர் ஊற்றுவார்கள். கடையில் விற்கும் தொட்டி மண்கலவையில் அலுமினியமே குறைவு என்றால், அமிலம் மட்டும் என்ன செய்யும்? மளிகைக் கடையில் கிடைக்கும் படிகாரத்தில் அலுமினியம் இருக்கிறது. சிறு பச்சை மொட்டுள்ள இரண்டு இளஞ்சிவப்பு ரகத் தொட்டிகளை எடுத்து, ஒன்றுக்கு மட்டும் நான்கு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி படிகாரத்தூள் கரைத்து, வாரம் ஒரு முறை கொஞ்சமாக ஊற்றுங்கள். மற்றதற்கு வெறும் நீர். பாஸ்பரஸ் மிகுந்த உரத்தைத் தவிருங்கள். அது அலுமினியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாற்றம் தெரியப் பல வாரங்கள் ஆகும். இலையும் பூவும் நச்சுத்தன்மை உள்ளவை, வாயில் வைக்கக் கூடாது.

வெள்ளை ரகத்தை மட்டும் வாங்காதீர்கள். அதில் நிறமி இல்லை. எவ்வளவு படிகாரம் ஊற்றினாலும் வெள்ளையாகவே பூக்கும்.