மின்பத்திரிகையில் உழைப்போர்

டிஜிட்டல் பத்திரிகை ஸ்தாபனங்கள் நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக வளர்ந்து வருகின்றன. நேற்று நான்கு பேர் ஓர் அறையில் தொடங்கிய ஸ்தாபனத்தில் இன்று நானூறு பேர் வேலை செய்வது இக்காலத்தில் வியப்புக்குரிய விஷயமன்று. வளர்ச்சியை நாம் வெறுப்பவரல்லர். ஆனால் ஒரு தொழில் வளர்கிறது என்று சொல்லப்படும்போது அத்தொழிலில் உழைப்பவனும் வளர்கிறானா என்று கேட்பது தேசத்தின் நலம் நாடுவோர் கடமை. இக்கேள்வியைச் சென்னையிலும் பெங்களூரிலும் உள்ள கண்ணாடி மாளிகைகளிலிருந்து பார்ப்பதினும், நீலகிரியின் மேற்கெல்லையிலுள்ள கூடலூரிலிருந்து பார்ப்பது உண்மையைத் தெளிவாகக் காட்டும் என்பது நமது அபிப்பிராயம்.

கூடலூர் பெயருக்கேற்ற ஊர். தமிழகமும் கேரளமும் கன்னட நாடும் அதனருகே கூடுகின்றன. பணியரும் காட்டுநாயக்கரும் குறும்பரும் வாழும் அப்பிரதேசத்தில், 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் இலங்கையினின்று திரும்பிய தமிழ்த் தொழிலாளரும் குடியேறினர். காடும் தோட்டமும் ஒன்றையொன்று தொட்டு நிற்பதால் அங்கே செய்திக்குப் பஞ்சமில்லை. 2021-ஆம் ஆண்டு டி-23 என்று எண்ணிடப்பட்ட புலியைப் பல வாரங்கள் தேடி அக்டோபர் 15-ஆம் தேதி உயிருடன் பிடித்தபோது, அச்செய்தியை நாடு முழுவதும் கைப்பேசியில் கணந்தோறும் கண்டுகொண்டிருந்தது. அதே ஆண்டு ஜனவரியில், அடுத்துள்ள மசினகுடியில் எரியும் டயர் வீசப்பட்டுக் காயமுற்ற யானை ஒன்று உயிரிழந்தது. அதன் காணொளி வெளிவந்ததும் தேசமே பதறியது, கைதுகளும் நிகழ்ந்தன. மறுநாட் காலையின் அச்சுத்தாளுக்காகக் காத்திராமல் அநீதியை உடனே உலகறியச் செய்யும் ஆற்றல் இப்புதிய பத்திரிகைக்கு உண்டு என்பதை யாரும் மறுக்க முடியாது.

அந்த ஆற்றலுக்குப் பின்னால் இருக்கும் உழைப்பு எத்தகையது? விரைவில் வளரும் ஸ்தாபனங்கள் பலவற்றில் உதவியாசிரியர் ஒருவர் ஒரு நாளில் இத்தனை செய்திகள் தர வேண்டும் என்று கணக்கு உண்டு. ஒரு செய்தியை எத்தனை பேர் திறந்தனர், எத்தனை விநாடி நின்றனர், எந்த வரியில் விலகினர் என்பதையெல்லாம் ஒரு திரை இடைவிடாது காட்டிக்கொண்டிருக்கிறது. ஒரே செய்திக்கு இரண்டு தலைப்பிட்டு, எது அதிகம் பேரை இழுக்கிறதோ அதை நிறுத்திக்கொள்கிறார்கள். வேலை நேரம் முடிந்து வீட்டுக்குப் போனவரையும் கைப்பேசி விடுவதில்லை. இருபத்தைந்து வயதிலேயே குழுத் தலைவர் என்ற பட்டம் கிடைக்கிறது. ஆனால் பிழை திருத்தக் கற்றுத் தரும் மூத்தவர் பக்கத்தில் இருப்பதில்லை. இளைஞர்களுக்கு உற்சாகம் தரும் இடம் இது என்பது உண்மை. அந்த உற்சாகமே ஊதியத்தின் ஒரு பகுதியாகக் கணக்கில் எழுதப்பட்டு விடுகிறது என்பதும் உண்மை.

கூடலூர் வாசகருக்கு இந்த முறை புதிதன்று. தேயிலைத் தோட்டத்தில் பெண்கள் பறித்த கொழுந்தை நிறுத்து, குறித்த எடைக்குமேல் பறித்தால் மிகைக்கூலி தருவது நெடுங்கால வழக்கம். பார்வைகளை எண்ணும் திரையும் அந்தத் தராசும் ஒரே வகை. ஆனால் ஒரு பேதம் உண்டு. தோட்டத்தில் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறிக்க வேண்டும் என்ற நெறி இருக்கிறது. முற்றிய இலையை மிகுதியாகக் கலந்தால் தொழிற்சாலை முகம் சுளிக்கும். செய்தித் திரையிலோ முற்றிய இலைக்கே அதிக எடை காட்டுகிறது. யானை ஒருவரைத் துரத்தும் அரை நிமிஷக் காட்சிக்குப் பார்வைகள் குவிகின்றன. 1969-ஆம் ஆண்டின் ஜன்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின்னும் பட்டாவின்றித் தவிக்கும் கூடலூர்க் குடும்பங்களைப் பற்றிப் பத்து நாள் அலைந்து எழுதும் கட்டுரைக்கு அவ்வளவு பார்வைகள் கிடைப்பது அரிது. ஆகவே உழைப்பவன் எதைப் பறிக்கக் கற்றுக்கொள்வான் என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை.

இவர்களுள் கடைநிலையில் நிற்பவர் மலைநாட்டு நிருபர். அவர் ஸ்தாபனத்தின் ஊழியராகப் பெரும்பாலும் கருதப்படுவதில்லை. செய்திக்கு இவ்வளவு, காணொளிக்கு இவ்வளவு என்பதே அவருடைய கூலி. இரவில் யானை நிற்கும் பாதையில் சொந்த வாகனத்தில், சொந்தச் செலவில் போகிறார். விசாரித்ததில் வதந்தி என்று தெரிந்தால் செய்தி இல்லை. செய்தி இல்லையேல் கூலியும் இல்லை. பொய்யைப் பொய்யென்று கண்டறிவது பத்திரிகைத் தொழிலின் தலையாய கடமை. அதற்குக் கூலி கிடையாது என்றால், விசாரியாமல் அனுப்புகிறவனுக்குப் பரிசளிப்பதாகத்தானே பொருள்?

இவ்வளவு வேகமாக வளரும் ஸ்தாபனத்தின் அஸ்திவாரமாவது உறுதியானதா எனில், அதுவும் இல்லை. விளம்பர வருமானத்தின் திறவுகோல் சில அயல்நாட்டுக் கம்பெனிகளின் கையில் இருக்கிறது. காணொளி பார்க்கப்படும் சராசரி நேரத்தைத் தான் மிகைப்படுத்திக் காட்டி வந்ததாக 2016-இல் பேஸ்புக் ஒப்புக்கொண்டது. அமெரிக்காவில் 2021-இல் புலிட்ஸர் பரிசு பெற்ற பஸ்ஃபீட் நியூஸ் 2023-இல் மூடப்பட்டது. அந்நிய மூலதனத்துக்கு வரம்பு விதிக்கப்பட்டதன் பின் ஹஃப்போஸ்ட் ஸ்தாபனத்தின் இந்தியப் பதிப்பு 2020 நவம்பரில் நின்றது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பரவிய பெங்களூர் ஷேர்சாட் ஸ்தாபனம் 2023 ஜனவரியில் தன் ஊழியரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினரை விலக்கியது. வளர்ச்சியின்போது லாபம் மூலதனமிட்டவரைச் சேர்கிறது. தளர்ச்சியின்போது நஷ்டம் உழைத்தவன் தலையில் விழுகிறது.

‘பழைய பத்திரிகைகளில் மட்டும் நிருபர்கள் செழித்தார்களா?’ என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-இல் தொடங்கிய ‘சுதேசமித்திர’னில் 1904-இல் உதவியாசிரியராக அமர்ந்த பாரதியார் செல்வத்தில் புரண்டவரல்லர். ஆனால் அன்றைய பத்திரிகையாளர் வறுமையை ஏற்றது தேச விடுதலை என்னும் ஒரு லட்சியத்துக்காக. முதலாளியின் பங்கு மதிப்பு உயர்வதற்காக வறுமையை ஏற்கும்படி இன்றைய இளைஞனைக் கேட்பதற்கு அந்தத் தியாகத்தை உதாரணம் காட்டுவது தகாது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் கவனிப்போம். தோட்டத் தொழிலாளருக்கு 1951-இலும், பத்திரிகையாளருக்கு 1955-இலும் தனித்தனிச் சட்டங்கள் இயற்றப்பட்டன. பிந்தியது அச்சுப் பத்திரிகைகளை மட்டுமே தழுவியது. இவ்விரண்டையும் வேறு பல சட்டங்களையும் ஒன்றாக்கி 2020-இல் நிறைவேறிய தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21-ஆம் தேதி அமலுக்கு வந்தது. கொழுந்து பறிப்பவரும் செய்தி எழுதுபவரும் இன்று ஒரே சட்டத்தின் கீழ் நிற்கின்றனர். டிஜிட்டல் ஊடகத்தில் உழைப்பவரும் பத்திரிகையாளரே என்று அது கூறுகிறது; நான்கு வாரங்களில் 144 மணி நேரத்துக்குமேல் வேலை வாங்கலாகாது என்றும் வரையறுக்கிறது. இதை நாம் வரவேற்கிறோம்.

எனினும் ஒரு முள் எஞ்சியிருக்கிறது. பத்திரிகைத் தொழிலையே பிரதான ஜீவனமாகக் கொண்டவரைத்தான் சட்டம் பத்திரிகையாளர் என்கிறது. கூடலூர் நிருபருக்குச் செய்திக் கூலி போதாமையால் அவர் கடை வைக்கிறார், அல்லது ஜீப் ஓட்டுகிறார். கடை வைத்திருப்பதால் அவர் பத்திரிகையாளர் அல்லர் என்று வாதிக்க இடமேற்படுகிறது. குறைந்த கூலி கொடுத்தவரே அக்குறைந்த கூலியைக் காரணமாகக் காட்டிப் பொறுப்பினின்று நழுவுவது எந்த நியாயம்?

ஆகவே சர்க்கார் செய்ய வேண்டியது, ஒரு ஸ்தாபனத்துக்குத் தொடர்ந்து செய்தி அனுப்புகிறவரை, அவருக்கு வேறு வருமானம் இருப்பினும், சட்டத்தின் பாதுகாப்புக்குள் கொண்டுவருவதாகும். ஸ்தாபனங்கள் செய்ய வேண்டியது, வெளியான செய்திக்கு மட்டுமின்றி விசாரித்துக் கைவிட்ட செய்திக்கும் கூலியும் பயணச் செலவும் தருவதாகும். உழைப்போர் செய்ய வேண்டியது, அலுவலகத்தில் இருப்பவரும் மலையில் இருப்பவரும் ஒரே சங்கத்தில் சேர்வதாகும். வாசகர்களுக்கும் கடமை உண்டு. காசின்றிக் கிடைக்கும் செய்திக்கு யாரோ ஒருவர் தம் இரவைக் கொடுத்திருக்கிறார் என்பதை அவர்கள் மறக்கலாகாது. நல்ல செய்திக்குச் சந்தா செலுத்தத் தயங்கவும் கூடாது. இந்நான்கும் நடைபெறாத வரையில், இத்தொழிலில் வளர்ச்சி என்பது திரையில் ஓடும் எண்ணாக மட்டுமே இருக்கும்.